உருகுநிலையும் கொதிநிலையும்: எண்ணுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு



மொழிக்கென அமைந்த மேடையில் உலோகங்களின் உருகுநிலை, கொதிநிலை பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். இலக்கியமும் இலக்கணமும் மொழி வரலாறுமே இங்குப் பெரும்பாலும் பேசப்படுபவை. ஆயினும், ஒரு மொழி எவற்றை உணர்வோடு பாட வல்லது என்பதோடு, எவற்றைத் திருத்தமாகச் சொல்ல வல்லது என்பதும் அதன் வாழ்வுக்கு இன்றியமையாதது. இந்த நோக்கில், பள்ளிப் பாடநூலில் ஓர் அட்டவணையாக மட்டும் நாம் கண்டு கடந்துபோகும் ஒரு செய்தியை இன்று எடுத்துக்கொண்டோம். எடுத்த எடுப்பில் எண்களை அடுக்காமல், நம் வீட்டு அடுக்களையிலிருந்தே தொடங்குவோம்.

ஈயச் சொம்பு சொல்லும் பாடம்

தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் சிலவற்றில் ஈயச் சொம்பு ஒன்று இன்றும் இருக்கும். இரசம் வைப்பதற்கென்றே உள்ள பாத்திரம் அது. அதனைக் கையாள்வதற்குப் பாட்டிமார் வகுத்த முறை ஒன்றுண்டு. முதலில் சொம்பில் புளிநீரை ஊற்ற வேண்டும். அதன் பின்னரே அடுப்பில் ஏற்ற வேண்டும். வெறுஞ் சொம்பை ஒருபோதும் தீயில் வைத்தலாகாது. மறந்து வைத்தால் அடி உருகி ஒழுகிவிடும்.

இம்முறையில் இயற்பியல் முழுமையாக அடங்கியிருக்கிறது. அச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உருகும். அடுப்புச் சுடரோ அதனினும் பன்மடங்கு வெம்மை உடையது. இருந்தும், உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பு உருகுவதில்லை. நீர் 100 பாகையில் கொதிக்கத் தொடங்கியபின், எவ்வளவு தீ எரித்தாலும் அதன் வெப்பநிலை அதற்குமேல் ஏறுவதில்லை. சுடர் தரும் வெப்பம் முழுவதையும் நீர் ஆவியாவதற்கே எடுத்துக்கொள்கிறது. நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய ஈயச் சுவரும் அந்த 100 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஒரு பொருளின் கொதிநிலை இன்னொரு பொருளை அதன் உருகுநிலையிலிருந்து காக்கிறது.

பாட்டிமார்க்கு 232 என்னும் எண் தெரியாது. ஆனால் அந்த எண் குறிக்கும் எல்லை தெரியும். நமக்கோ எண் தெரியும். எல்லையைப் பலவேளை உணர்வதில்லை. அறிவு இவ்வாறு இரண்டாகப் பிரிந்து நிற்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

சொற்களின் வரையறை

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு திண்மம் நீர்மமாக மாறும் வெப்பநிலை உருகுநிலை. நீர்மம் முழுவதும் குமிழியிட்டு வளிமமாக மாறும் வெப்பநிலை கொதிநிலை. தூய உலோகம் உருகத் தொடங்கியதும், கடைசித் துளி உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை மாறாது நிற்கும். உருக்கிய உலோகம் மீண்டும் உறையும்போதும் அதே வெப்பநிலையில்தான் உறையும்.

இவ்விரு நிலைகளுள் கொதிநிலை காற்றழுத்தத்தைப் பெரிதும் சார்ந்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள கேமரன் மலையில் நீர் 100 பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. உருகுநிலை அத்தகையதன்று, மலையேறினாலும் கடலோரம் வந்தாலும் அதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. ஆகவே, கொதிநிலையைச் சொல்லும்போது இயல்பான காற்றழுத்தத்தில் என்று சேர்த்துக் கொள்வது முறை.

பழக்கமான உலோகங்கள் சிலவற்றின் அளவுகளைப் பாகை செல்சியஸில் காண்போம்.

பாதரசம்: உருகுநிலை −38.8, கொதிநிலை 357.
சோடியம்: உருகுநிலை 98, கொதிநிலை 883.
வெள்ளீயம்: உருகுநிலை 232, கொதிநிலை ஏறத்தாழ 2,600.
காரீயம்: உருகுநிலை 327; கொதிநிலை 1,749.
துத்தநாகம்: உருகுநிலை 420, கொதிநிலை 907.
அலுமினியம்: உருகுநிலை 660, கொதிநிலை ஏறத்தாழ 2,500.
வெள்ளி: உருகுநிலை 962, கொதிநிலை 2,162.
தங்கம்: உருகுநிலை 1,064, கொதிநிலை ஏறத்தாழ 2,900.
செம்பு: உருகுநிலை 1,085, கொதிநிலை ஏறத்தாழ 2,560.
இரும்பு: உருகுநிலை 1,538, கொதிநிலை ஏறத்தாழ 2,860.
டங்ஸ்டன்: உருகுநிலை 3,422, கொதிநிலை 5,500க்கும் மேல்.

கொதிநிலை எண்கள் சில நூலுக்கு நூல் வேறுபடுவதை மாணவர்கள் கண்டிருக்கலாம். ஈராயிரம் பாகைக்கு மேல் கொதிக்கும் ஒன்றைத் தாங்கும் கலமும் வேண்டும்; அளக்கும் கருவியும் வேண்டும். இவற்றின் அருமையால் அளவுகள் சற்றே மாறுபடுகின்றன. உருகுநிலையின் கதை வேறு. அது மிகத் துல்லியமாக அறியப்பட்டது. எந்த அளவுக்கென்றால், வெப்பமானிகளைச் சரிபார்ப்பதற்கே உலோகங்களைப் பயன்படுத்துகிறோம். 1990ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அனைத்துலக வெப்பநிலை அளவுகோலில் வெள்ளீயம் உறையும் 231.928 பாகை ஒரு நிலைப்புள்ளி. துத்தநாகம், அலுமினியம், வெள்ளி, தங்கம், செம்பு ஆகியனவும் அவ்வாறே நிலைப்புள்ளிகளாய் அமைந்துள்ளன. நாம் உலோகத்தை அளந்தது ஒரு காலம். உலோகத்தைக் கொண்டு அளவையே திருத்திக்கொள்வது இக்காலம்.

இவ்வெண்கள் இத்துணை வேறுபடக் காரணம் என்ன என்ற வினா இயல்பாக எழும். உலோகத்துள் அணுக்கள் தம் புற எலக்ட்ரான்களைப் பொதுவில் பகிர்ந்துகொண்டு பிணைந்து நிற்கின்றன. அப்பிணைப்பு வலிதாயின் அதனைத் தளர்த்த மிகுந்த வெப்பம் வேண்டும். டங்ஸ்டனில் அது மிக வலிது. ஆகவே மின்குமிழின் இழையாகி வெண்ணிறத்தில் ஒளிர்ந்தும் உருகாது நின்றது. பாதரசத்தில் அது மெலிது. ஆகவே அறையின் வெப்பத்திலேயே நீர்மமாய் ஓடுகிறது. கேலியம் என்னும் உலோகம் 29.8 பாகையில் உருகும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் திண்மமாய் இருக்கும் அது, நம் நாட்டு நண்பகலில் மேசைமேல் வைத்தாலே உருகிவிடும்.

தீயைக் கண்ணால் அளந்தோர்

வெப்பமானி பிற்காலத்தது. ஃபாரன்ஹைட் பாதரச வெப்பமானியை அமைத்தது 1714இல். செல்சியஸ் தம் அளவுமுறையை முன்வைத்தது 1742இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மாந்தர் உலோகங்களை உருக்கினர், வார்த்தனர், கலந்தனர். அவர்களுக்கு அளவுகோலாய் இருந்தது கனலின் நிறம். மங்கிய செந்நிறம், செக்கச் சிவந்த நிறம், பொன்மஞ்சள், கண்கூசும் வெண்மை என்று வெப்பம் ஏற ஏற நிறம் மாறுவதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்த அறிவு நம் மொழியில் தங்கியுள்ளது. எஃகுக்குத் தமிழில் உருக்கு என்று பெயர். உருக்கப்பட்டது என்பதே அதன் பொருள். இப்பெயரின் அருமையை உணர இரும்பின் உருகுநிலையை நினைவிற் கொள்ள வேண்டும். 1,538 பாகையை எட்டுவது பழங்கால உலைகளுக்கு இயலாத செயல். ஆகவே, உலகின் பல பகுதிகளில் இரும்பை உருக்காமலேயே எடுத்தனர். தாதுவைக் கரியோடு சேர்த்துச் சுட்டால் கடற்பஞ்சு போன்ற இரும்புத் திரள் கிடைக்கும். அதனைச் சம்மட்டியால் அடித்து மாசு நீக்குவர். அவ்விரும்பு முழுதும் நீர்மமானதில்லை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கொல்லர் வேறொரு வழியும் கண்டனர். களிமண்ணால் செய்த மூசையில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங் கட்டையும் இலைகளும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் கடுந்தீயில் நெடுநேரம் வைத்தனர். கட்டையிலிருந்து கரி இரும்பில் ஏறிற்று. கரி ஏறிய இரும்பின் உருகுநிலை தாழ்கிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரி சேர்ந்தாலே, தூய இரும்பைவிட ஏறத்தாழ நூறு பாகை குறைந்த வெப்பத்தில் அது முழுதும் உருகிவிடும். எட்ட முடியாத எல்லைக்குத் தீயை உயர்த்துவதை விட்டு, எல்லையையே தீயின் அருகே இறக்கிக்கொண்டனர். அவ்வாறு பிறந்த பொருளே உருக்கு. ஐரோப்பியர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊட்ஸ் என்று எழுதிய பெயர், கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றோடு தொடர்புடையது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்புத் தொழிலுக்குரிய உலைகளின் எச்சங்கள் கிடைத்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இதனைச் சொல்லும்போது நாம் ஒன்றில் கவனமாக இருத்தல் வேண்டும். முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று பெருமிதம் கொள்வது எளிது. அவர்கள் அறிந்தது கைத்திறனாக அறிந்தது. அது மூசையோடும் பட்டறையோடும் பிணைந்திருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. பட்டறை மூடியதும் மறைந்தது. எண்ணாகவும் எழுத்தாகவும் அது பதிவாகியிருந்தால், வேறோர் ஊரில் வேறொருவர் அதை மீட்டெடுத்திருக்க முடியும். சொல் எஞ்சியது, முறை மறைந்தது. இந்த இழப்பையும் பெருமையோடு சேர்த்தே நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டு எல்லைகளின் இடைவெளி

நம் கைத்தொழில்கள் பல, இரு பொருள்களின் உருகுநிலைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டே நடந்தவை. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசும் தொழிலாளியை மூத்தோர் கண்டிருப்பர். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயக் குச்சியைத் தொட்டு, துணியால் ஒரே வீச்சில் துடைப்பார். உட்புறம் வெள்ளியாய்ப் பளபளக்கும். வெள்ளீயம் 232 பாகையில் நீராய் ஓடும்போது, 900 பாகையை ஒட்டி உருகும் பித்தளை அசையாது நிற்கிறது. அவ்விடைவெளியே அவர் தொழில். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பது பழமொழி. அது நிறத்தை எண்ணிச் சொன்னது. தீயின் முன்னே என்றால் பித்தளை இளித்ததில் ஓரளவு நியாயம் உண்டு.

பொற்கொல்லர் பொடிவைத்து ஊதுவதும் இத்தகையதே. தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்த பொடி, நகையின் தங்கத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். வெண்காரத்தோடு அதனை இணைப்பில் வைத்து ஊதுகுழலால் சுடரைச் செலுத்தினால், பொடி உருகி ஒட்டும், நகை உருகாது. பற்றாசு என்று நம் மொழி இதனைக் குறிக்கும். சிலைக்கு மெழுகுக் கரு செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு ஒழுகிய வெற்றிடத்தில் வெண்கலம் வார்ப்பதும் அவ்வாறே. 60 பாகையைச் சற்றே தாண்டி உருகும் தேன்மெழுகும், ஆயிரம் பாகையை ஒட்டி நீர்மமாகும் வெண்கலமும் ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுகின்றன.

இங்குக் கலவையின் இயல்பையும் அறிதல் வேண்டும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்து வெண்கலமானால் செம்பைவிட எளிதில் உருகும். வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுபவை. இரண்டையும் 63க்கு 37 என்ற அளவில் கலந்தால், அக்கலவை 183 பாகையிலேயே உருகிவிடுகிறது. இரண்டின் சராசரியும் அன்று. இரண்டிற்கும் கீழே சென்றுவிட்டது. ஒவ்வோர் அணுவும் மற்றதன் ஒழுங்கான அடுக்கைக் குலைப்பதால் இந்நிலை.

உருகுநிலையைப் போலவே கொதிநிலையும் தொழில்களை வகுத்தது. துத்தநாகம் இதற்குச் சிறந்த சான்று. அதன் தாதுவிலிருந்து உலோகத்தைக் கரியால் பிரிக்க வேண்டிய வெப்பம், அதன் கொதிநிலையான 907 பாகையைவிட உயர்ந்தது. ஆகவே, துத்தநாகம் பிறக்கும்போதே ஆவியாய்ப் பிறக்கிறது. காற்றோடு கலந்து மீண்டும் வெண்பொடியாகி மறைகிறது. பித்தளையைப் பழங்காலத்தவர் அறிந்தும் துத்தநாகத்தைத் தனியே எடுக்க இயலாமற்போனது இதனால்தான். இராசத்தான் மாநிலத்துச் சாவர் என்னும் ஊரில் இடைக்காலத் தொழிலாளர் இதற்கு வழி கண்டனர். மண்குடுவைகளைத் தலைகீழாக அடுக்கி மேலே தீ மூட்டி, ஆவி கீழிறங்கிக் குளிர்ந்த பகுதியில் துளித்துளியாய் உறையுமாறு அமைத்தனர். இங்கிலாந்தில் சாம்பியன் என்பார் இதனையொத்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல்.

தாழ்ந்த கொதிநிலை தீங்காவதும் உண்டு. பாதரசம் பொன்துகளைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அக்கலவையைச் சூடாக்கினால் 357 பாகையில் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் எஞ்சும். சிற்றளவில் பொன் எடுப்போர் போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதி உள்ளிட்ட பல இடங்களில் இம்முறையைக் கையாண்டு, அந்த ஆவியைச் சுவாசித்து நரம்பு நோய்க்கு ஆளாகின்றனர். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கொதிநிலை எண், உலக நாடுகளைக் கூட்டி உட்காரவைத்த வரலாறு இது.

நம் மண்ணின் உலோகம்

இனி நம் மண்ணுக்குரிய உலோகத்துக்கு வருவோம். கிந்தாப் பள்ளத்தாக்கும் லாருட்டும் வெள்ளீயத்தால் எழுந்தவை. ஈப்போவையும் தைப்பிங்கையும் வளர்த்தது அவ்வுலோகம். பத்து காஜாவுக்கு அருகே 1938இல் கட்டப்பட்ட ஈயத் தூர்வாரி ஒன்று, 4,500 டன் எடையோடு இன்றும் காட்சிப்பொருளாய் நிற்கிறது. சிங்கப்பூரின் பிரானித் தீவில் 1890 முதல் பெரிய உருக்காலை இயங்கியது. உலகச் சந்தையில் ஈய விலை 1985 அக்டோபரில் சரிந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. அவற்றின் குட்டைகளையே இன்று நெடுஞ்சாலையிலிருந்து காண்கிறோம்.

வெள்ளீயத்தின் சிறப்பு அதன் தாழ்ந்த உருகுநிலை மட்டுமன்று. தாதுவிலிருந்து அதனைப் பிரிக்க ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட உலை வேண்டும். பிரிந்த பின்னரோ விறகடுப்பே போதும். முற்காலத்தில் மலாய் மாநிலங்களில் முதலை போன்ற விலங்குருவங்களில் ஈயப் பணத்தை எளிய அச்சுகளில் வார்த்தது இதனால் கைகூடிற்று. சிலாங்கூரின் புகழ்பெற்ற பியூட்டர் கலைப்பொருள்களுக்கும் இதுவே அடிப்படை.

ஆயின் வெள்ளீயத்தின் இரு எண்களையும் சேர்த்துப் பாருங்கள்: 232, ஏறத்தாழ 2,600. உருகியபின் ஈராயிரத்து முந்நூறு பாகைக்கு மேல் அது நீர்மமாகவே நிற்கிறது. இவ்வகன்ற இடைவெளியைப் பயன்கொண்டவர் ஆங்கிலப் பொறியாளர் அலஸ்டர் பில்கிங்டன். உருக்கிய கண்ணாடிக் குழம்பை உருக்கிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிடும் முறை 1959இல் அறிவிக்கப்பட்டது. கண்ணாடி 1,000 பாகையை ஒட்டி உள்ளே நுழைந்து 600 பாகையளவில் இறுகி வெளியேறுகிறது. அவ்வெல்லை முழுவதும் வெள்ளீயம் உறையவும் இல்லை. குறிப்பிடத்தக்க அளவு ஆவியாகவும் இல்லை. நீர்மத்தின் மேற்பரப்பு சமமாயிருப்பதால் கண்ணாடியும் சமமாய் அமைகிறது. நாம் அமர்ந்திருக்கும் மண்டபங்களின் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் அவ்வாறு பிறந்ததே. காரீயம் இதற்கு ஒவ்வாது. அந்த வெப்பத்தில் அது நச்சாவியைத் தந்துவிடும்.

பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகளில் பற்றாசாய்ப் பயன்படுவதும் வெள்ளீயமே. முன்னர் 183 பாகையில் உருகும் ஈயக்காரீயக் கலவையே வழக்கில் இருந்தது. காரீயம் நச்சென்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் அதனைக் கட்டுப்படுத்திற்று. மாற்றாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் கலவை 217 பாகைக்கு மேல் உருகுவது. இடையே முப்பத்து நான்கு பாகைதான் வேறுபாடு. ஆயினும் அதன்பொருட்டுச் சுற்றுப்பலகைகளும் உலைகளும் உதிரிப்பாகங்களும் மாற வேண்டியிருந்தன.

ஈயம் என்றால் எது?

இவ்விடத்தில் மொழிக்குரிய சிக்கல் ஒன்று எழுகிறது. இதுவரை வெள்ளீயம், காரீயம் என்று அடைமொழியோடு கூறி வந்தோம். அன்றாட வழக்கில் அவ்வாறு கூறுகிறோமா? நம் நாட்டு வரலாற்றுப் பாடத்தில் ஈயம் என்றால் வெள்ளீயம். தமிழகத்திலிருந்து வரும் அறிவியல் நூலில் ஈயம் என்றால் பெரும்பாலும் காரீயம். ஈயச் சொம்பு என்னும்போது வெள்ளீயம். ஈயமில்லாப் பெட்ரோல் என்னும்போது காரீயம். ஒன்று உணவுக்குத் துணை. மற்றது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இரண்டிற்கும் ஒரே பெயர்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியில் தீமா பூத்தே வெள்ளீயம், தீமா ஈத்தாம் காரீயம்; அங்கும் வெள்ளை, கறுப்பு என்பனவே அடைகள். இலத்தீனில் பிளினி எழுதியபோதும் வெண்ணிறப் பிளம்பம், கருநிறப் பிளம்பம் என்றே பிரித்தார். சாம்பல் நிறமும் மென்மையும் எளிதில் உருகும் தன்மையும் ஒத்திருந்தமையால், ஒன்றையொன்று அறியாத மொழியினரும் இவ்விரண்டையும் ஒரே இனமாகக் கண்டனர்; நிறத்தால் பிரித்தனர். அப்பிரிவு நுட்பமானது. அடைமொழியை நாம் கைவிடும்போதுதான் இடர் பிறக்கிறது.

இவ்விடரைத் தீர்ப்பது எண். தூய வெள்ளீயம் 232 பாகையில் திட்டமாக உருகும். காரீயம் கலந்திருந்தால் 183 பாகையிலேயே தளரத் தொடங்கும். உருகி முடியும்வரை குழைந்த நிலையில் இருக்கும். ஈயம் பூசுவோர் விலை கருதிக் காரீயத்தைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, உருகுநிலை காட்டிக்கொடுத்துவிடும். காரீயத்தின் அடர்த்தி ஒன்றரை மடங்கு மிகுதி என்பதும் ஓர் அடையாளம். பழைய ஈயச் சொம்பு வைத்திருப்போர், அது எதனால் ஆனதென உறுதி செய்யாமல் அதில் சமைக்கலாகாது. புளிப்பு காரீயத்தைக் கரைக்கும், இரசமோ புளிப்பு. ஆகவே, வெள்ளீயம், காரீயம் என்று பிரித்து எழுதுவது மொழித்தூய்மை பற்றிய விருப்பம் மட்டுமன்று. உடல்நலம் பற்றிய கடமையுமாகும்.

தமிழ்ப்பள்ளியும் நம் பொறுப்பும்

அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்னும் வினா நம் தமிழ்ப்பள்ளிகளில் பலமுறை எழுந்துள்ளது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது, பின்னர்க் கைவிடப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் அறிமுகமானபோது கருத்து வேறுபாடு மீண்டும் எழுந்தது. ஆங்கிலம் வேண்டும் என்போரின் கவலையில் உண்மை உண்டு. உயர்கல்வி நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பிள்ளைகள் அவற்றைப் படித்தே ஆகவேண்டும். தமிழ் வேண்டும் என்போரின் கவலையிலும் உண்மை உண்டு. ஆனால் தமிழில் கற்பித்தல் என்பது அட்டவணையின் தலைப்பை மட்டும் தமிழாக்குவதாயின், அதனால் விளையும் பயன் சிறிது. உருகுநிலை 232 என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை, எந்த மொழியில் செய்தாலும் தேர்வுக்கு மறுநாள் மறந்துவிடும்.

தமிழால் இங்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உருக்கு, வார்ப்பு, பற்றாசு, மூசை, வெண்கலம், வெள்ளீயம், காரீயம் ஆகிய சொற்கள் பொருளை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆசிரியர் ஒருவர் உருக்கு என்று கரும்பலகையில் எழுதி, இதற்கு ஏன் இப்பெயர் என்று கேட்டால், இரும்பின் உருகுநிலைப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். ஈயச் சொம்பில் நீரை ஏன் முதலில் ஊற்ற வேண்டும் என்று பாட்டியைக் கேட்டு வரச்சொன்னால், கொதிநிலைப் பாடம் வீட்டிலேயே நடந்துவிடும். அவ்வாறு கற்ற பிள்ளை பின்னர் ஆங்கிலச் சொல்லைச் சந்திக்கும்போது, புதிய பொருளைச் சந்திக்காது. அறிந்த பொருளுக்கு இன்னொரு பெயரைச் சந்திக்கும்.

அதே வேளையில், சொல்லோடு நின்றுவிடவும் கூடாது. எண் இல்லாத சொல் எங்ஙனம் முறையை இழந்தது என்பதை உருக்கின் வரலாற்றில் கண்டோம்; எங்ஙனம் நஞ்சையும் நல்லதையும் ஒரே பெயரில் கலந்தது என்பதை ஈயத்தில் கண்டோம். சொல் இல்லாத எண்ணோ, யாருக்கும் உறவில்லாத அட்டவணையாய்க் கிடக்கும்.

ஆகவே, நாம் மேற்கொள்ளக்கூடிய சிறு செயல்கள் சிலவற்றைச் சொல்லி நிறைவு செய்வோம். எழுதும்போதும் பேசும்போதும் வெள்ளீயம், காரீயம் என்று பிரித்தே வழங்குவோம். பாடநூலும் செய்தித்தாளும் அவ்வாறே எழுத வேண்டுவோம். வீட்டில் உள்ள ஈயப் பாத்திரத்தையும், பாட்டியின் நினைவில் உள்ள அதன் பயன்முறையையும் பிள்ளைகளைக் கொண்டு பதிவு செய்விப்போம். அப்பதிவின் அருகே 232 என்னும் எண்ணையும் அவர்களே எழுதட்டும். கைவழி வந்த அறிவும் கருவிவழி வந்த அறிவும் ஒரு பிள்ளையின் குறிப்பேட்டில் அடுத்தடுத்த வரிகளாய் அமையும் நாளில், அறிவியல் தமிழ் என்பதற்குத் தனியே வாதாட வேண்டிய தேவை நமக்கு இராது.